கட்டிக்குள் கேட்பது யார் குரல்? கருப்பை வாய்ப் புற்றுநோயும் மரபணு வெளிப்பாடும்

கருப்பை வாய்ப் புற்றுநோயோ என்று சந்தேகம் வந்தால், டாக்டர் அந்த இடத்திலிருந்து மிளகளவு சதையைக் கிள்ளி பயாப்ஸிக்கு அனுப்புவார். அது கட்டியிலிருந்து எடுத்தது என்றால் முழுக்கப் புற்றுநோய் செல்களாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வோம். அப்படி இல்லை. சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், புற்றுநோய் செல்கள் திட்டுத் திட்டாகத் தெரியும். திட்டுகளுக்கு இடையில் நார்த்திசு, ரத்தக்குழாய்கள். கூடவே கருநீலப் பொட்டுகளாக வெள்ளணுக்கள். சில கட்டிகளில் இந்தப் பொட்டுகள் புற்றுநோய்த் திட்டுகளுக்குள்ளேயே புகுந்திருக்கும். சிலவற்றில் ஓரமாகக் கூடி நிற்கும், உள்ளே ஒன்றுகூட இருக்காது. சிலவற்றில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆய்வுக் கட்டுரைகளில் ஜோடியாகவே வரும் ‘மரபணு வெளிப்பாடு’, ‘கட்டியின் நோய் எதிர்ப்புச் சூழல்’ என்ற இரண்டும் இந்த மிளகளவுத் துணுக்கைப் பற்றியவைதான். அங்கே இருக்கும் செல்கள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பது முதலாவது. யார் யார் இருக்கிறார்கள், ஒருவர் மற்றவரை என்ன செய்கிறார் என்பது இரண்டாவது. இரண்டாவதை மறந்துவிட்டு முதலாவதைப் படித்தால் தப்பாகத்தான் படிப்போம். அது ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மரபணு வெளிப்பாடு. உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். புரதம் தயாரிக்கச் சொல்லும் மரபணுக்கள் அதில் சுமார் 20,000. கல்லீரல் செல்லும் தோல் செல்லும் வேறுவேறாக இருப்பதற்குக் காரணம், இவற்றில் எவை வேலை செய்கின்றன, எவ்வளவு வேலை செய்கின்றன என்பதில் உள்ள வித்தியாசம். ஒரு மரபணு வேலை செய்கிறது என்றால் அதிலிருந்து ஆர்.என்.ஏ. படிகள் எடுக்கப்படுகின்றன என்று பொருள். அந்தப் படிகளைப் பார்த்துத்தான் செல் புரதத்தைச் செய்கிறது. எந்த மரபணுவுக்கு எத்தனை படி இருக்கிறது என்று எண்ணினால், அந்த நேரத்தில் செல் எதில் மும்முரமாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும். இப்போதைய இயந்திரங்கள் 20,000 மரபணுக்களின் படிகளையும் ஒரே மூச்சில் எண்ணிவிடும்.

படி அதிகம் என்றால் புரதமும் அதிகம் என்று எப்போதும் சொல்ல முடியாது. இந்தப் புற்றுநோயே அதற்கு நல்ல உதாரணம். அதைப் பார்க்க வைரஸிடம் போக வேண்டும்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே ஹெச்.பி.வி. என்ற வைரஸால் வருகிறது. ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹவுசன் குழு 1983-இல் 16-ஆம் வகையையும் அடுத்த ஆண்டு 18-ஆம் வகையையும் கட்டிகளிலிருந்தே பிரித்தெடுத்தது. அதற்காக அவருக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த இரண்டு வகைகள் மட்டும் உலகளவில் பத்தில் ஏழு கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்குக் காரணம். வைரஸோ மிகச் சிறியது. அதன் டி.என்.ஏ. வளையத்தில் சுமார் 7,900 எழுத்து ஜோடிகள்தான். நம்முடையது 300 கோடிக்கு மேல். அவ்வளவு சின்ன வளையத்திலும் புற்றுநோய்க்குத் தேவைப்படுபவை முக்கியமாக இரண்டே மரபணுக்கள்: இ6, இ7.

செல் சேதமடைந்தால் பெருக்கத்தை நிறுத்தும், தேவைப்பட்டால் செல்லையே சாகச் சொல்லும் புரதம் பி53. பல புற்றுநோய்களில் இந்த மரபணுவே கெட்டுப்போயிருக்கும். கருப்பை வாய்ப் புற்றுநோயில் பெரும்பாலும் மரபணு நன்றாக இருக்கும், ஆர்.என்.ஏ. படிகளும் இருக்கும். ஆனால் புரதம் உருவாக உருவாக, இ6 அதைப் பிடித்துச் செல்லின் சொந்தக் கழிவகற்றும் ஏற்பாட்டிடமே ஒப்படைத்து அழித்துவிடுகிறது. படிகளை மட்டும் எண்ணுகிறவருக்கு பி53 நலமாக இருப்பதாகவே தோன்றும்.

இ7 பிடிப்பது ஆர்பி என்ற இன்னொரு காவல் புரதத்தை. ஆர்பி போய்விட்டால் செல் பெருகிக்கொண்டே போகும். செல் சும்மா இருப்பதில்லை. பெருக்கத்தைத் தடுக்க பி16 என்ற புரதத்தை மேலும் மேலும் தயாரிக்கிறது. ஆனால் பி16 தன் வேலையைச் செய்வது ஆர்பி மூலமாகத்தான். ஆர்பியே இல்லாத இடத்தில் எவ்வளவு பி16 இருந்தும் பயனில்லை. இந்த வீண் முயற்சி டாக்டருக்கு மட்டும் பயன்படுகிறது. பயாப்ஸித் துணுக்கில் பி16-க்கான சாயத்தைப் போட்டால், வைரஸ் பிடியில் இருக்கும் பகுதி முழுக்கப் பட்டையாகப் பழுப்பேறி நிற்கும். பக்கத்திலேயே ஆரோக்கியமான பகுதி வெளுப்பாக இருக்கும். மரபணு வெளிப்பாடு என்பது கண்ணால் பார்க்கிற விஷயமாக லேப்களில் அன்றாடம் புழங்குவது இங்கேதான்.

சாதாரணத் தொற்றில் இ6, இ7 இரண்டும் அடக்கமாகவே இருக்கும், ஏனென்றால் வைரஸின் இ2 புரதம் அவற்றை அடக்கி வைத்திருக்கிறது. நாள்பட்ட தொற்றில் சில சமயம் வைரஸ் வளையம் உடைந்து நம் குரோமோசோமுக்குள் செருகிக்கொள்ளும். உடைப்பு பல நேரம் இ2 பகுதியில் விழுகிறது. அதோடு அடக்க ஆளில்லாமல் இ6, இ7 வெளிப்பாடு எகிறுகிறது.

இது எவ்வளவு தீர்மானமானது என்பதைக் காட்டியவை ஹீலா செல்கள். அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1951-இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பை வாய்க் கட்டியிலிருந்து, அவரிடம் சொல்லாமலும் கேட்காமலும் எடுக்கப்பட்ட செல்கள் அவை. அதே ஆண்டு அக்டோபரில் அவர் இறந்துபோனார். செல்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குள் இருப்பது 18-ஆம் வகை ஹெச்.பி.வி. எத்தனையோ ஆண்டுகள் தட்டில் வளர்ந்த அந்தச் செல்களுக்குள் இ2 புரதத்தைத் திரும்பச் செலுத்தியபோது, இ6, இ7 அடங்கின, பி53-உம் ஆர்பியும் மீண்டு வந்தன, செல்கள் பெருகுவதை நிறுத்திவிட்டன. இத்தனை காலத்துக்குப் பிறகும் இரண்டு வைரஸ் மரபணுக்களின் தயவில்தான் அவை பெருகிக்கொண்டிருந்தன.

ஆனால் ஹீலா சொல்லித்தர முடியாத ஒன்று இருக்கிறது. தட்டில் வளரும் செல்லுக்கு அக்கம்பக்கம் கிடையாது. ரத்தக்குழாய் இல்லை, நார்த்திசு இல்லை, தாக்க வரும் வெள்ளணு இல்லை. நோயாளியின் உடம்பில் அப்படியா இருக்கிறது?

இங்கேதான் ஒரு புதிர். இ6, இ7 நம் உடம்புக்குச் சொந்தமில்லாத, வைரஸின் புரதங்கள். கட்டியில் இருக்கும் ஒவ்வொரு புற்றுநோய் செல்லும் அவற்றைச் செய்துகொண்டே இருக்கிறது, செய்யாவிட்டால் பிழைக்காது. அந்நியப் பொருளைக் கண்டால் தாக்குவதுதானே நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலை? இவ்வளவு வெளிப்படையான அந்நியனை எப்படி விட்டுவைத்தது?

பெரும்பாலும் விட்டுவைப்பதில்லை என்பதுதான் முதல் பதில். ஹெச்.பி.வி. தொற்றுகளில் பத்தில் ஒன்பது, இரண்டு ஆண்டுகளுக்குள் தாமாகவே மறைந்துவிடுகின்றன. எதிர்ப்புச் சக்தி குறையும்போது என்ன நடக்கிறது என்பதற்கும் சான்று உண்டு: ஹெச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் ஆறு மடங்கு. ஆகக் கட்டியாக வளர்ந்து நிற்பவை, எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாமல் தப்பித்த சிலவற்றின் வாரிசுகள்.

தப்பித்த வழிகளும் மரபணு வெளிப்பாட்டில்தான் இருக்கின்றன. இந்த வைரஸ் ரத்தத்துக்குள் போவதில்லை, செல்லை வெடிக்கவைத்து ரகளை செய்வதில்லை. எப்படியும் உதிரப்போகிற மேல்தோல் செல்களோடு சத்தமில்லாமல் வெளியேறுகிறது. தொற்றிய செல் அபாயச் செய்தியாக வெளியிட வேண்டிய இன்டர்ஃபெரானின் மரபணுக்களை இ6, இ7 அமுக்குகின்றன. செல்கள் தமக்குள் தயாராகும் புரதங்களின் துண்டுகளை எச்.எல்.ஏ. என்ற மூலக்கூறுகளில் ஏந்தி வெளியே காட்டிக்கொண்டே இருக்கும். வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்கள் அதைப் பார்த்துத்தான் நல்லது கெட்டது தீர்மானிக்கின்றன. வைரஸின் இ5, இ7 இரண்டும் இந்தக் காட்சிப்படுத்தலைக் குறைத்துவிடுகின்றன. பிற்பாடு கட்டியும் தன் பங்குக்குச் செய்கிறது. அமெரிக்க அரசின் புற்றுநோய் ஜீனோம் அட்லஸ் திட்டம் 2017-இல் வெளியிட்ட கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வில், அடிக்கடி பழுதாகியிருந்த மரபணுக்களின் பட்டியலில் எச்.எல்.ஏ.-ஏ இருந்தது, செல்லைச் சாகச் சொல்லும் செய்தியைக் கடத்தும் காஸ்பேஸ்-8 இருந்தது. டி செல்கள் அடிக்க வந்திராத கட்டியில் இந்தப் பழுதுகளால் பெரிய லாபம் இருந்திருக்காது. அடி விழுந்திருக்கிறது, அதைத் தாங்கிய செல்கள் மிஞ்சியிருக்கின்றன என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

இனி அந்தக் கருநீலப் பொட்டுகள். எல்லா வெள்ளணுவும் நம் பக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. சிடி8 வகை டி செல்கள் புற்றுநோய் செல்லை நேராகக் கொல்லக்கூடியவை. அவற்றை அடக்கி வைக்கும் ஒழுங்குமுறை டி செல்களும் அங்கேயே உண்டு. உடம்பு தன்னைத் தானே தாக்கிக்கொள்ளாமல் காப்பது அவற்றின் வழக்கமான வேலை, கட்டிக்குள் அதே வேலை பகைவனுக்கு உதவுகிறது. மேக்ரோஃபேஜ்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்கள் இரண்டு பக்கமும் சாயும்: ஒரு சூழலில் தாக்கும், இன்னொரு சூழலில் கட்டிக்கு ரத்தக்குழாய் வளர உதவும். நார்த்திசு செல்கள் டிஜிஎஃப்-பீட்டா போன்ற செய்திகளை வெளியிட்டு டி செல்களை ஓரத்திலேயே நிறுத்திவிடலாம். யார் எத்தனை பேர், எந்த மனநிலையில், எங்கே நிற்கிறார்கள் என்ற மொத்த ஏற்பாட்டுக்குத்தான் நோய் எதிர்ப்புச் சூழல் என்று பெயர்.

இதில் எனக்கு எப்போதும் சுவாரசியமாகத் தோன்றுவது பிடி-எல்1 என்ற புரதத்தின் விஷயம். டி செல்லின் மேல் பிடி-1 என்று ஒன்று இருக்கிறது. ஜப்பானின் தசுக்கு ஹோஞ்சோ குழு 1992-இல் கண்டறிந்தது. எதிரே நிற்கும் செல்லின் பிடி-எல்1 இதைத் தொட்டால் டி செல் அடங்கிவிடும். புற்றுநோய் செல் பிடி-எல்1-ஐ நிறைய வைத்திருந்தால் அது கெட்ட செய்தி என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த பிடி-எல்1 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். டி செல் புற்றுநோய் செல்லை அடையாளம் கண்டு தாக்கும்போது இன்டர்ஃபெரான்-காமாவை வெளியிடுகிறது. அது பட்டதும் எதிரே உள்ள செல் பிடி-எல்1 மரபணுவின் வெளிப்பாட்டை ஏற்றுகிறது. ஆகப் பல கட்டிகளில் பிடி-எல்1 அதிகம் என்பதற்கு அர்த்தம், டி செல்கள் வந்திருக்கின்றன, ஆளைக் கண்டுகொண்டன, அடிக்கத் தொடங்கின, பிறகு மடக்கப்பட்டன என்பது. மடக்கியதை விடுவித்தால் திரும்ப அடிக்க ஆள் தயாராக இருக்கிறது. பிடி-எல்1 துளியும் இல்லாத கட்டியில் சண்டையே நடந்திருக்காமல் போகலாம்.

இதிலும் ஒரு சிக்கல். மேலே சொன்ன 2017 ஆய்வு, சில கட்டிகளில் பிடி-எல்1 மரபணுவே கூடுதல் பிரதிகளாகப் பெருகியிருந்ததைக் கண்டது. அங்கே யாரும் தாக்க வராவிட்டாலும் வெளிப்பாடு அதிகமாக இருக்கும். எண் ஒன்றுதான், அதன் பின்னால் இருக்கும் கதை இரண்டு. எண்ணை மட்டும் பார்த்து எது எந்தக் கதை என்று சொல்ல முடியாது. அதே துணுக்கில் இன்டர்ஃபெரான்-காமாவால் ஏறும் மற்ற மரபணுக்களும் ஏறியிருக்கின்றனவா, சிடி8 செல்கள் உண்மையில் இருக்கின்றனவா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அளக்கும் முறையிலும் இதே சிக்கல்தான். நீண்ட காலமாக நடப்பிலிருக்கும் முறையில், துணுக்கை மொத்தமாகக் கரைத்து, எல்லாச் செல்களின் ஆர்.என்.ஏ.வையும் ஒன்றாகக் கலந்து எண்ணுகிறார்கள். கல்யாண மண்டபத்தின் உத்தரத்தில் ஒரே ஒரு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்வது மாதிரி இது. சத்தம் கூடியிருக்கிறது என்றால், கூடுதல் ஆட்கள் வந்தார்களா, இருந்த ஆட்களே உரக்கப் பேசினார்களா? மாப்பிள்ளை வீட்டாரா, பெண் வீட்டாரா? மைக்குக்குத் தெரியாது. சிடி8 மரபணு அதிகம் என்று ரிப்போர்ட் சொன்னால் பொதுவாக டி செல்கள் அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் புற்றுநோய் செல் அதைச் செய்வதில்லை. பிடி-எல்1 அதிகம் என்று சொன்னால் அது புற்றுநோய் செல்லினுடையதாகவும் இருக்கலாம், மேக்ரோஃபேஜினுடையதாகவும் இருக்கலாம்.

கலவையிலிருந்து செல் வகைகளின் விகிதத்தைக் கணக்குப் போட்டுப் பிரிக்கும் மென்பொருள்கள் உண்டு. பயனுள்ளவைதான், ஆனால் அவை தருவது மதிப்பீடு. செல்களைத் தனித்தனியாகப் பிரித்து ஒவ்வொன்றின் ஆர்.என்.ஏ.வையும் எண்ணும் முறை வந்த பிறகு, எது யாருடைய வெளிப்பாடு என்ற குழப்பம் பெருமளவு தீர்ந்தது; ஆனால் பிரிக்கும்போது யார் எங்கே நின்றார்கள் என்பது தொலைந்துவிடுகிறது. திசுவை மெல்லிய சீவலாக வைத்தபடியே, இடம் மாறாமல் அளப்பது அதற்கும் அடுத்த முறை. டி செல் உள்ளே புகுந்திருக்கிறதா, வாசலிலேயே நிற்கிறதா என்ற கேள்விக்கு அதுதான் பதில் சொல்லும். செலவு அதிகம், நோயாளிகளின் எண்ணிக்கை குறைவாக இருக்கும்.

‘கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஆயுளைக் கணிக்கும் ஐந்து மரபணுக்கள்’ என்ற பாணியில் வரும் கட்டுரைகளைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பது நல்லது. இவற்றில் பல, அதே அமெரிக்க அட்லஸின் பொதுத் தரவையே திரும்பத் திரும்ப அலசுகின்றன. அதில் கட்டி மாதிரிகள் சுமார் 300. ஒப்பிட இருக்கும் இயல்பான கருப்பை வாய்த் திசு மாதிரிகளோ மூன்றே மூன்று. இயல்பான திசுவில் தசையும் நாரும் அதிகம், கட்டியில் மேல்தோல் செல்கள் அதிகம். ஆகவே ‘புற்றுநோயில் குறைந்துபோன மரபணு’ என்று பட்டியலில் ஏறுவது, தசை செல் குறைந்ததால் குறைந்ததாகவே இருக்கலாம். வேறு ஊர், வேறு மருத்துவமனை நோயாளிகளிடமும் அதே மரபணுக்கள் அதே கணிப்பைத் தந்தனவா என்று பார்க்காதவரை ஆரவாரம் வேண்டாம்.

சிகிச்சைக்கு வந்து சேர்ந்தது பிடி-1 பாதைதான். டி செல்லின் பிடி-1-ஐ மறைத்து நிற்கும் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்துக்கு, முந்தைய கீமோவுக்கு அடங்காத, பிடி-எல்1 உள்ள கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கொடுக்க 2018-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அப்போது ஏழு பேரில் ஒருவருக்குத்தான் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. 2021-இல் வெளியான கீநோட்-826 ஆய்வில், பரவிய அல்லது திரும்பி வந்த நோய்க்கு முதல் சிகிச்சையாகக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்தார்கள். பிடி-எல்1 உள்ளவர்களில் இரண்டு ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் 53 சதவீதம். பெம்ப்ரோலிசுமாப் இல்லாத குழுவில் 42 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. பெரிய முன்னேற்றம், ஆனால் ஒரு டோஸே லட்சங்களில் போகும் மருந்து இது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிடி-எல்1 உள்ளவர் என்று எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பிடி-எல்1-க்கான சாயம் பிடித்த புற்றுநோய் செல்களோடு, சாயம் பிடித்த லிம்ஃபோசைட்டுகளையும் (டி செல்கள் சேர்ந்த வெள்ளணு வகை) மேக்ரோஃபேஜ்களையும் கூட்டி, மொத்தப் புற்றுநோய் செல்களால் வகுத்து நூறால் பெருக்குகிறார்கள். 1 அல்லது அதற்கு மேல் வந்தால் பாசிட்டிவ். புற்றுநோய் செல்லை மட்டும் எண்ணினால் போதாது, சுற்றி நிற்பவர்களையும் எண்ண வேண்டும் என்பது மருத்துவமனை நடைமுறைக்கே வந்துவிட்டது.

டி செல்களையே மருந்தாக்கும் முயற்சியும் நடந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட சிறு ஆய்வில், ஒன்பது பெண்களின் கட்டிகளிலிருந்து டி செல்களை எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, திரும்ப அவர்களுக்கே ஏற்றினார்கள். மூவருக்குக் கட்டி சுருங்கியது, அதில் இருவருக்கு முழுமையாக மறைந்தது. இ6, இ7-ஐத் தாக்கும் டி செல்கள்தான் வேலை செய்திருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அந்த இருவரின் டி செல்களைப் பின்னர் ஆராய்ந்தபோது, பெரும்பகுதி வைரஸைக் குறிவைக்கவே இல்லை. கட்டியில் புதிதாக ஏற்பட்ட மரபணுப் பிழைகளால் உருவான புரதங்கள் போன்ற வேறு அடையாளங்களைத்தான் தாக்கியிருந்தன.

இத்தனையும் படித்துவிட்டு, நமக்கும் இந்த மரபணு டெஸ்ட் எடுக்க வேண்டுமா என்று கேட்டால், வழக்கமான சிகிச்சைக்குத் தேவையில்லை. பயாப்ஸி, தேவைப்பட்டால் பி16 சாயம், முற்றிய நோய்க்கு பிடி-எல்1 சாயம்: இவை போதும். 2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் சுமார் 1.27 லட்சம் பேருக்கு இந்த நோய் வந்தது, 80,000 பேர் வரை இறந்தார்கள். அந்த எண்ணைக் குறைக்கக்கூடியது இன்னும் எளிய விஷயம். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007-இல் முடிவு வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற நர்சுகள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைத் தேடினார்கள். ஒரே ஒரு முறை நடந்த இந்தப் பரிசோதனை, இந்த நோயால் ஏற்படும் சாவை 35 சதவீதம் குறைத்தது. வெள்ளையாவதற்கும் காரணம் இருக்கிறது: இ7-ஆல் பெருகும் செல்கள் நெருக்கமாகவும் பெரிய உட்கருவோடும் இருக்கும், அமிலம் பட்டதும் அவற்றின் புரதம் திரைந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும்.

கடைசியாக, பலரும் கேட்கும் ஒன்று: ஹெச்.பி.வி. தடுப்பூசியைப் புற்றுநோய் வந்தவருக்குப் போட்டால் குணமாகுமா? ஆகாது. இதற்கும் விடை மரபணு வெளிப்பாட்டில்தான். நாம் போடும் தடுப்பூசி, வைரஸின் வெளிச்சுவரான எல்1 புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடியை உருவாக்குகிறது. வைரஸ் செல்லுக்குள் நுழையும் முன்பே அது மடக்கிவிடும். அதனால்தான் தொற்று வருவதற்கு முந்தைய சிறு வயதிலேயே போடச் சொல்கிறார்கள். கட்டியில் இருக்கும் செல்களோ புதிய வைரஸைத் தயாரிப்பதில்லை. எல்1 மரபணு அங்கே ஓய்ந்துபோயிருக்கும், வெளிப்படுபவை இ6-உம் இ7-உம்தான். அவற்றைக் குறிவைக்கும், சிகிச்சைக்கான தடுப்பூசிகள் இன்னும் பரிசோதனையில் இருக்கின்றன. டி செல்களை எழுப்பிவிடுவது அவற்றால் முடிகிறது. எழும்பிய டி செல்களைக் கட்டியின் ஓரத்தைத் தாண்டி உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் மிச்சமிருக்கும் வேலை.